பந்தலூருக்கும் நான் ஆடிய ஊர்களுக்கும் ஒரு நன்றி மடல்

நீலகிரி மலையில் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பக்கத்துச் சொந்தங்களுக்கும், வெளியூர்களில் என்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

இந்த சீசனோடு தொழில்முறைக் கால்பந்தில் இருந்து விலகிவிட்டேன். இந்திய அணிச் சட்டையை நான் போட்டதில்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பக்கமும் போனதில்லை. சென்னை சீனியர் டிவிஷன், கொல்கத்தா லீக், கோவா, ஐ-லீக், அதற்குக் கீழே இரண்டாம் டிவிஷன் என்று, கூப்பிட்ட கிளப்புக்குப் போய் மிட்ஃபீல்டில் ஆடியவன் நான். பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம்தான். சீசன் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, அடுத்த கிளப்பின் போனுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படியும் இத்தனை வருடம் பந்தாடியே குடும்பம் நடத்தினேன், தங்கையைப் படிக்க வைத்தேன், அம்மாவுக்கு ஒரு வீடு கட்டினேன். இதெல்லாம் யார் யாரால் நடந்தது என்று ஊரறியச் சொல்ல வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

முதலில் லயத்து ஆட்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து அனுப்பப்பட்டவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள்தான் 1976இல் டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயின. பாட்டியும் அம்மாவும் அங்கே கொழுந்தெடுத்தவர்கள். லயத்துக்கு முன்னால் இருந்த சின்னத் திட்டுதான் எங்கள் மைதானம். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் சரிவு. பந்து சரிவில் இறங்கினால் கீழ் லயம் வரை உருண்டு போகும். அதை எடுத்து மேலே எறிய அங்கே எப்போதும் யாராவது ஒரு பாட்டி இருந்தார். ஒரு நாளும் யாரும் முகம் சுளித்ததில்லை, பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டதில்லை. அந்தப் பாட்டிமார் பலர் இன்று இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் வீட்டில் சொல்லுங்கள்.

சாயங்காலம் ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பது எங்கள் பக்கத்தில் யானை முடிவு செய்கிற விஷயம். வனத்துறையில் வேலை பார்த்த வாட்சர் அண்ணன் தினமும் அந்த வழியாக வருவார். கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லி, கடைசிப் பையன் வீட்டுக்குள் போகும்வரை அங்கேயே நிற்பார். பிள்ளைகளைத் தைரியமாக விளையாட விட்டார்கள் என்றால் அவரை நம்பித்தான். அண்ணா, உங்களுக்கு நான் எப்போதும் கடன்பட்டவன்.

பி.டி. சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் கபடிக்காரர், கால்பந்து ஆடியவர் இல்லை. ஆனால் மிட்ஃபீல்டில் நிற்பவனுக்கு என்ன வேண்டும் என்று எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தார். எதிரில் இருந்து ஒரு பையன் எனக்குப் பந்தை அனுப்புவான். சார் எனக்குப் பின்னால் நிற்பார், ஒரு கையில் சிவப்புத் துணி, மறு கையில் பச்சைத் துணி. பந்து வந்துகொண்டிருக்கும்போதே நான் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, எந்தத் துணி மேலே இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும். சிவப்பு என்றால் முதுகில் ஆள் இருக்கிறான், ஒரே தொடலில் வந்த பக்கமே கொடு. பச்சை என்றால் இடம் இருக்கிறது, உடம்பைத் திருப்பி முன்னால் போ. மழையிலும் இதுதான், பரீட்சை நாளிலும் இதுதான். எனக்கு வேகம் குறைவு, உயரமும் குறைவு. ஆனாலும் என்னை ஒரு கிளப் எடுத்தது என்றால் பந்து காலுக்கு வருமுன்னே நான் சுற்றிலும் பார்த்து வைத்திருப்பேன் என்பதால்தான். பிற்பாடு வெளிநாட்டுக் கோச் ஒருவர் வீடியோ போட்டு இதையே விளக்கியபோது, சார், எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

அப்புறம் ஜீப் அண்ணன். நாடுகாணியைத் தாண்டி இறங்கினால் வழிக்கடவு, எடக்கரை, நிலம்பூர். மார்கழி தொடங்கிக் கோடை வரை அந்தக் கேரளப் பக்கமெல்லாம் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் கமுகும் கட்டிய கேலரி, இரவு விளக்கு, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ஜனம். கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாத ஆட்டம்தான். ஆனால் பள்ளிப் பையனான எனக்கு அது பெரிய பாடம். களம் சின்னது, பந்து கிடைத்த உடனே இரண்டு பேர் மேலே விழுவார்கள். அண்ணன் டீசல் காசு வாங்காமல் கூட்டிப்போவார், நடுராத்திரி மலைப்பாதையில் திரும்பக் கொண்டுவந்து, கதவைத் தட்டி அம்மா கையில் ஒப்படைப்பார். முதல் பூட்ஸும் அவர் நிலம்பூரில் வாங்கிக் கொடுத்ததுதான்.

எங்கள் ஊர் மழைக்கும் நன்றி சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் எங்கள் திட்டில் பந்து உருளாது, சேற்றில் குத்தி நிற்கும். அதைக் கிளப்பி ஆடித்தான் பழகினோம். கொல்கத்தா லீக் நடப்பதும் மழைக்காலத்தில். முதல் வருடம் அங்கே ‘மைதான்’ என்கிற பெரிய திடலில் முழங்கால் சேற்றில் மற்றவர்கள் தடுமாறியபோது எனக்கு அது பழகிய தரையாக இருந்தது.

அந்த ஊரில் எங்கள் கிளப் டென்ட்டில், வீரர்களின் உடை, பூட்ஸைப் பார்த்துக்கொண்ட கிட் மேன் தாதாவை (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்) மறக்க முடியாது. ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நனைந்த பூட்ஸ்களுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பார். இரண்டு மணி நேரம் கழித்து அதை உருவிவிட்டுப் புதுத் தாள் வைப்பார். காலையில் பூட்ஸ் காய்ந்து, வடிவம் கெடாமல் இருக்கும். பாஷை தெரியாத எனக்கு அவர்தான் மெஸ்ஸில் சொல்லி, தினம் ஒரு வேளை சோற்றுக்கு ரசம் மாதிரி ஒன்று வைக்கச் சொன்னவர்.

சம்பள விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், இளம் வீரர்களுக்கு உதவும். ஒரு கிளப்பில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். எங்கள் கோல் கீப்பர் அண்ணன்தான் என் ஒப்பந்தத்தை ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்து மூலம் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதி இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்தார். அதே கிளப்பில் அவருக்கும் பாக்கி இருந்தது. தன் கடிதத்துக்கு முன்னால் என்னுடையதை எழுதினார். இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிற பையன்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முழுசாகப் படித்த பிறகு போடுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். நார் அறுந்த வருடத்தைப் பற்றிச் சொல்லும்போது கை நடுங்குகிறது. தொடையின் பின்பக்கத் தசைநாரில் ஒரு துண்டை எடுத்து அறுந்த இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். திரும்ப ஆட ஒன்பது மாதமாவது வேண்டும். நடுவில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கிளப் கை விரித்துவிட்டது. அம்மா சேர்ந்திருந்த குலுக்கல் சீட்டில் அந்த மாதம் பெயர் விழுந்தது மேல் லயத்து அக்காவுக்கு. மகளுக்குத் தோடு வாங்க வைத்திருந்த பணம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா மடியில் வைத்தார். "கால்தானே அவனுக்குச் சோறு, முதல்ல அதப் பாருங்கக்கா" என்றார். அடுத்த மாதம் சீட்டு விழுந்தவரும் அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். கொழுந்துக் கூலியில் மிச்சம் பிடித்த காசு அது. திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பதால் தீர்ந்துபோகிற கடன் இல்லை. மேல் லயத்து அக்காவின் அந்த மகள் இப்போது நர்ஸாக இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்குத் தோடு நான்தான் போட்டேன், அதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கோவையில் பிசியோ அண்ணன் கட்டணம் வாங்க மறுத்தார். குதிகாலுக்கு அடியில் போர்வையைப் போட்டு, மெல்ல மெல்ல இழுத்து முழங்காலை மடக்க வேண்டும். பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து இன்று எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்வார். 90 டிகிரி வந்த அன்று எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

2021 டிசம்பர் கடைசியில் ஐ-லீக் தொடங்கிய சில நாளிலேயே கொரோனா பரவி ஆட்டங்களை நிறுத்தி, மார்ச்சில்தான் மறுபடி நடத்தினார்கள். ஹோட்டல் அறைக்குள் அடைந்து கிடந்த நாட்களில் கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்துவிட்டு, "தம்பி, நல்லா இருக்கீங்களா" என்று யாரிடமோ கற்றுக்கொண்ட தமிழில் குரல் கொடுத்த ஊழியருக்கும் நன்றி. மிசோரமில் ஐஸ்வாலில் ஆடப் போனபோது, மலையும் மூடுபனியும் செங்குத்தான தெருக்களும் பார்த்து நம்ம ஊர் போலவே இருக்கிறதே என்று நான் சொன்னதற்காக, தன் வீட்டு ஜன்னல் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி.

என் மனைவிக்கு இங்கே எழுதுவதைவிட வீட்டில் சொல்ல வேண்டியது அதிகம். வருடத்துக்கு ஒரு ஊர், வருடத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று பிள்ளையைச் சேர்த்துப் படிக்க வைத்தவள் அவள். ஒரு தடவைகூட "போதும்" என்று சொல்லவில்லை.

யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. பாதிப் பேர் அதை விரும்ப மாட்டார்கள் என்று தெரியும். கோச்சிங் டி லைசென்ஸ் முடித்துவிட்டேன், சனி ஞாயிறு பந்தலூரில் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், பணம் கிடையாது. சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் வாங்கியாகிவிட்டது. பி.டி. சார் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும், நான் வண்டி அனுப்புகிறேன். லீவு கிடைத்ததும் கொல்கத்தா போகிறேன். கிட் மேன் தாதா, உங்களுக்கு நம்ம ஊர்த் தேயிலை ஐந்து கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், வீட்டில் இருங்கள்.