உன் ஆடித் தள்ளுபடி மெயில் வந்தது

அன்புள்ள மாப்பிள்ளை,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி மாதம் பதில் வருகிறது. திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். சின்னவள் எட்டாவது போய்விட்டாள்; கணக்கில் அப்படியே உன்னை மாதிரி. வாத்தியார் மகன் துபாய்க்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டான். வந்ததும் அந்தப் பழைய புரோட்டாக் கணக்கைத்தான் கேட்டான். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், சமாளி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடை மெயிலை ஆபீஸில் பழைய அவுட்லுக்கில் திறந்தேன். பெரிய வெள்ளைக் கட்டம், மூலையில் குட்டியாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. சேலையும் இல்லை, விலையும் இல்லை. உன் டிசைனர் தம்பி முழு மெயிலையும் ஒரே படமாகச் செய்து ஒட்டியிருக்கிறான். அவுட்லுக்கோ வெளியிலிருந்து வரும் படத்தை நாம் அனுமதித்தால்தான் இறக்கும். மேலே மட்டும் ஒரு வரி: "மெயில் சரியாகத் தெரியவில்லையா? பிரவுசரில் பார்க்க இங்கே தொடவும்." தொட்ட பிறகுதான் உன் சேலைகளைத் தரிசித்தேன்.

"அதான் லிங்க் இருக்கே மச்சான்" என்பாய். மெயில் அனுப்பித் தரச் சொல்லி எங்களிடம் வருகிற எல்லோரும் சொல்லும் சாக்கு இதுதான். லிங்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் அவுட்லுக் 2007 முதல் மெயிலை வேர்டை வைத்துத்தான் வரைந்து காட்டியது. அந்தப் பழசைக் கட்டிக்கொண்டு அழும் ஆபீஸ்கள் இன்னும் உண்டு. பிரவுசரில் ஜோராக இருக்கும் டிசைன் அங்கே பல்லை இளிக்கும். அப்புறம் ஜிமெயில். மெயிலின் எச்டிஎம்எல், அதாவது பின்னால் இருக்கும் குறியீடு, 102 கேபியைத் தாண்டினால் மிச்சத்தை மறைத்துவிட்டு, முழுசாகப் பார்க்கத் தனியே ஒரு லிங்க் தரும். மறைவது அடிப்பாகம். "இனி அனுப்ப வேண்டாம்" என்ற லிங்க்கைக் கொண்டுபோய் வைப்பதும் அங்கேதான். தேடிப் பார்த்துக் கிடைக்காதவன் என்ன செய்வான்? ஸ்பேம் என்று அமுக்கிவிட்டுப் போவான்.

தமிழில் அனுப்புகிற நமக்கு இந்த 102 இன்னும் சீக்கிரம் வந்துவிடும். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பதியும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் "சேலை" என்று எழுத 12 பைட் ஆகிறது. மெயில் தயாரிக்கும் சில எடிட்டர் மென்பொருள்கள் தமிழை எண் குறிகளாக மாற்றிவிடும், அப்போது அதே சேலைக்கு 28. இங்கிலீஷில் "சாரி" என்று எழுதினால் ஐந்தோ நாலோதான். அதற்குப் பயந்து எழுத்தையெல்லாம் படமாக்கினால் உன் கதிதான், வெள்ளைக் கட்டம். எழுத்தை எழுத்தாகவே வைத்து, கீழே கொட்டியிருக்கும் குப்பையைக் குறைக்கச் சொல் அந்தத் தம்பியிடம்.

இன்னொரு கூத்தும் பார்த்தேன். இன்பாக்ஸில் தலைப்புக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு வரி வருமே, தனியாக எதுவும் கொடுக்காவிட்டால் மெயிலின் முதல் எழுத்துகளையே எடுத்து அங்கே போட்டுவிடும். உன் மெயிலில் "சரியாகத் தெரியவில்லையா?" என்று வந்து நிற்கிறது. கடை வாசலில் ஆளை நிறுத்தி, உள்ளே சரக்கு சுமார்தான் என்று கூவச் சொன்ன மாதிரி! முதல் வரியில் தள்ளுபடியைச் சொல், அதற்கு அடுத்து லிங்க் வரட்டும். அடியில் மட்டும் கொண்டுபோய் வைத்துவிடாதே. வெட்டுப்பட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இதுவரை கிண்டல். இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள்.

எங்களிடம் வந்த ஒரு நகைக்கடை, நகைச்சீட்டு கட்டுகிறவர்களுக்கு மாதா மாதம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் மெயிலிலும் அவரவருக்கென்று தனி லிங்க். தொட்டால் அவர் பேரோடு, இதுவரை கட்டிய தொகையோடு பக்கம் திறக்கும். பாஸ்வேர்டு எதுவும் கிடையாது, லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் திறக்கும். ஒரு பெண், புது டிசைன் நன்றாக இருக்கிறதே என்று அந்த லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். திறந்த மாமியார் நெக்லஸைப் பார்க்கவில்லை, தொகையைத்தான் பார்த்தார். மருமகள் வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்த பணம். போதாக்குறைக்கு குரூப்பில் யாரோ கீழே இருந்த "வேண்டாம்" லிங்க்கையும் அமுக்க, அவருக்கு வர வேண்டிய தவணை நினைவூட்டலும் நின்றுபோனது. கடைக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். "நாங்கள் வேறு யாருக்கும் அனுப்பவில்லையே" என்று கடைக்காரர் சட்டம் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் மெயிலில் என் பேர் இருக்கிறது, போன முறை வாங்கிய சேலை எவ்வளவு என்றும் இருக்கிறது. பிரவுசர் பக்கத்திலும் அதே! அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன். பிரவுசரில் திறக்கும் பக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். "வணக்கம்" போதும். பேர், பாயிண்ட், பாக்கி எதுவும் வேண்டாம். "வேண்டாம்" லிங்க் மெயிலில் மட்டும் இருக்கட்டும். கூகுள் தேடலில் வராதபடி நோஇண்டெக்ஸ் போடச் சொல். ஆடி முடிந்ததும் அந்தப் பக்கத்தில் "சலுகை முடிந்தது" என்று எழுதிவிடு. இல்லாவிட்டால் மார்கழியில் ஒருவர் அதைக் காட்டிப் பாதி விலைக்குச் சேலை கேட்பார், உனக்கும் மறுக்கத் தெரியாது.

தீபாவளி மெயிலை ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தட்டிவிடு. இங்கே பழைய அவுட்லுக்கிலும் போனிலும் திறந்து, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு, அந்தத் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள். திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்