சில்வர்டவுனுக்கு மீண்டும் ஒரு தீயணைப்பு நிலையம் வேண்டும்: இலண்டன் மேயருக்கும் தீயணைப்பு ஆணையருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இலண்டன் மேயர் அவர்களுக்கும், இலண்டன் தீயணைப்பு ஆணையர் அவர்களுக்கும், நியூஹாம் கவுன்சில் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் கிழக்கு இலண்டனின் நியூஹாமில் வாழும் தமிழர்கள். கட்டடத் தீப்பாதுகாப்பு, திட்ட அனுமதி, கட்டடப் பராமரிப்பு ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். இந்த மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புகிறோம். தமிழில் எழுதுவதற்குக் காரணம், ஈஸ்ட் ஹாமிலும் மேனர் பார்க்கிலும் உள்ள எங்கள் மக்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதே.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். 2014 ஜனவரி 9 அன்று மூடப்பட்ட சில்வர்டவுன் தீயணைப்பு நிலையத்துக்கு ஈடாக, ராயல் டாக்ஸ் எனப்படும் கப்பல்துறைகளின் தென்கரையில் ஒரு நிலையம் கட்டித் தாருங்கள்.

அந்த இடத்தின் நில அமைப்பைச் சொன்னால் மற்றது விளங்கும். வடக்கே ராயல் விக்டோரியா, ராயல் ஆல்பர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று மூன்று பெரிய கப்பல்துறைகள். தெற்கே தேம்ஸ். இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம்தான் சில்வர்டவுனும் நார்த் வுல்விச்சும். நியூஹாமின் மற்றப் பகுதிகளிலிருந்து வண்டி உள்ளே வர மூன்று வழிகளே உண்டு: மேற்கில் சில்வர்டவுன் வே, நடுவில் கொனாட் பாலம், கிழக்கில் சர் ஸ்டீவ் ரெட்கிரேவ் பாலம். பின்னிரண்டும் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பாலங்கள். இன்று நியூஹாமில் எஞ்சியிருக்கும் நிலையங்கள் ஸ்ட்ராட்போர்ட், பிளெய்ஸ்டோ, ஈஸ்ட் ஹாம். மூன்றும் கப்பல்துறைகளுக்கு வடக்கே. பிரின்ஸ் ரீஜன்ட் லேனிலிருந்து புறப்படும் பிளெய்ஸ்டோ வண்டிக்குக் கொனாட் பாலம், ஈஸ்ட் ஹாம் வண்டிக்குக் கிழக்குப் பாலம். ஒரு பாலத்தில் விபத்தோ பராமரிப்போ என்றால் முழுக் கப்பல்துறையையும் சுற்றித்தான் வர வேண்டும்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து உதவி வரும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 1887இல் கட்டிய வுல்விச் நிலையமும் அதே 2014 ஜனவரி 9 அன்றுதான் மூடப்பட்டது. ஒரே நாளில் ஆற்றின் இரு கரையும் நிலையத்தை இழந்தன. வரைபடத்தை விரித்துப் பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்கும்.

இந்தத் துண்டு நிலம் துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை வரலாறு ஏற்கெனவே காட்டிவிட்டது. 1917 ஜனவரி 19 மாலை, சில்வர்டவுனின் பிரன்னர் மொன்ட் ஆலையில் தீப்பிடித்து சுமார் 50 டன் டிஎன்டி வெடித்தது. 73 பேர் இறந்தார்கள். ஆலைக்கு எதிரே இருந்த தீயணைப்பு நிலையம் நொறுங்கியது. தீயை அணைக்கப் போன வீரர்களும் இறந்தவர்களில் அடக்கம். அன்று சில்வர்டவுன் வெஸ்ட் ஹாம் நகராட்சிக்குள் இருந்தது. வெஸ்ட் ஹாம் தனக்கென ஒரு தீயணைப்புப் படை வைத்திருந்தது. இலண்டன் படையோடு அது இணைந்தது 1965இல்தான். இவ்வளவு அழிவுக்குப் பிறகும் சில்வர்டவுனுக்கு நிலையம் தேவையில்லை என்று வெஸ்ட் ஹாம் நினைக்கவில்லை, மறுபடி கட்டியது. 1940 செப்டம்பர் 7இல் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சு தொடங்கியபோது கப்பல்துறைக் கிடங்குகள் எரிந்து தெருக்கள் அடைபட்டன. சில்வர்டவுன் மக்களை ஆற்று வழியாகப் படகில் ஏற்றித்தான் காப்பாற்ற முடிந்தது.

இலண்டனில் ஒரு நிலையம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு கைகள் தீர்மானித்திருக்கின்றன. 1833இல் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து ஒரே படையை அமைத்தன. ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் 80 வீரர்கள், 13 நிலையங்கள். காப்புறுதி செய்த சொத்து எங்கே குவிந்திருந்ததோ அங்கேதான் அந்த நிறுவனங்களுக்கு அக்கறை. 1861 ஜூன் 22 அன்று டூலி வீதிக் கிடங்குகளில் பிடித்த தீ இரண்டு வாரம் எரிந்தது. சுவர் விழுந்து பிரெய்ட்வுட் இறந்தார். இனி இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்று நிறுவனங்கள் அரசிடம் சொல்லிவிட்டன. 1865 சட்டத்தின்படி, 1866 ஜனவரி 1 முதல் பொதுப்பணத்தில் படை இயங்கத் தொடங்கியது. அதன் தலைவர் மாசி ஷா. 1872இல் திறந்த கிளார்க்கன்வெல் நிலையம் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. வீரர்கள் குடும்பத்தோடு மேல்மாடியில் குடியிருந்தார்கள், கீழே குதிரைகள். குதிரை களைத்துப் போகும் தூரத்துக்குள் அடுத்த நிலையம் இருந்தாக வேண்டும். 1921இல் கடைசிக் குதிரையும் போய் மோட்டார் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. அது நியாயமான மாற்றம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த நாடு தழுவிய விதி இன்னும் தெளிவானது. ஆபத்து மிகுந்த 'ஏ' பகுதிக்கு 5 நிமிடத்தில் இரண்டு வண்டி, 8 நிமிடத்தில் மூன்றாவது. 'பி' பகுதிக்கு 5 நிமிடத்தில் ஒன்று, 8 நிமிடத்தில் இன்னொன்று. அதன் குறை, வீட்டை விடக் கட்டடத்தின் மதிப்பையே அதிகம் பார்த்தது. அதன் நிறை, குறிப்பிட்ட தெருவுக்குக் குறிப்பிட்ட வாக்குறுதி கொடுத்தது. 2004இல் அந்த விதி போனது. இப்போது இலண்டனின் இலக்கு சராசரிகளில் இருக்கிறது: முதல் வண்டி 6 நிமிடம், இரண்டாவது 8 நிமிடம். நூற்றுக்கு 90 அழைப்புகளுக்கு 10 நிமிடத்துக்குள் போக வேண்டும் என்றும் உண்டு.

இங்கேதான் எங்கள் சண்டை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒன்பது அழைப்புகளுக்கு வண்டி நாலரை நிமிடத்தில் போகிறது, பத்தாவதுக்கு 12 நிமிடம் ஆகிறது. சராசரி 5 நிமிடம் 15 வினாடி. இலக்கு எட்டப்பட்டதாகவே அறிக்கை வரும். பத்தாவது அழைப்பு எப்போதும் ஒரே மூலையிலிருந்துதான் வருகிறது என்றால் அந்த மூலை அறிக்கையில் தெரியவே தெரியாது. சராசரியைக் கொண்டு நிலையத்தை மூடுவது தவறு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

2014இல் மூடியவை பத்து: பெல்சைஸ், போ, கிளார்க்கன்வெல், டவுன்ஹாம், கிங்ஸ்லாந்து, நைட்ஸ்பிரிட்ஜ், சில்வர்டவுன், சதர்க், வெஸ்ட்மின்ஸ்டர், வுல்விச். கூடவே 14 வண்டிகளும் 552 வேலைகளும் போயின. அரசு மானியம் குறைந்தது உண்மை. தீ விபத்துகள் குறைந்திருந்ததும் உண்மை. புகை அலாரமும், 1988இல் வந்த மெத்தை, சோபா விதிகளும் அதற்குப் பெரிய காரணம். ஆனால் தீயணைப்பு ஆணையத்தின் பெரும்பான்மை எதிர்த்தும் அன்றைய மேயர் போரிஸ் ஜான்சன் தம் உத்தரவு அதிகாரத்தைக் கொண்டு அந்தத் திட்டத்தை நடத்தி முடித்தார். மேயர் உத்தரவால் மூடியதை மேயர் உத்தரவால் திறக்கலாம்.

நிலையம் மூடிய பிறகுதான் சில்வர்டவுனில் ராயல் வார்ஃப் குடியிருப்பு எழுந்தது. அங்கே மட்டும் 3,000க்கு மேற்பட்ட வீடுகள். அதைச் சுற்றி இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நியூஹாமின் மக்கள்தொகை 2011இல் 3,08,000, 2021இல் 3,51,000. புதிதாக வந்தவை பெரும்பாலும் மாடிக் கட்டடங்கள். மாடிக் கட்டடத்தில் தீ என்பது வேறு வேலை. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வருகை நேரம் நிலையத்தில் மணி அடித்ததிலிருந்து வண்டி வாசலில் நிற்கும் வரைதான் கணக்கில் வருகிறது. அழைப்பை எடுத்து முகவரி கேட்கும் நேரம் அதற்கு முன். வாசலிலிருந்து 15ஆம் மாடிக்குப் போகும் நேரம் அதற்குப் பின். முதல் வண்டியில் வருபவர்கள் வழக்கமாக ஐந்து பேர். ஒருவர் பம்பை விட்டு நகர முடியாது. ஒருவர் கட்டளை அதிகாரி. ஒருவர் சுவாசக் கருவி அணிந்தவர்களின் பெயரும் காற்றின் அளவும் குறிக்கும் பலகையில் நிற்க வேண்டும். ஆக உள்ளே போக மிஞ்சுவது இருவர். அந்த இருவருக்கு ஏதாவது ஆனால் மீட்கப் போக ஆள் இல்லை. வண்டித் தொட்டியில் இருப்பது சுமார் 1,400 லிட்டர். 45 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 400 லிட்டர் போனால் மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் தெரு ஹைட்ரன்டைத் திறந்து வண்டிக்குத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும்.

18 மீட்டருக்கு மேல் 50 மீட்டர் வரையான கட்டடத்தில் உலர் ரைசர் இருக்கும். அது வெறும் குழாய். வண்டி தண்ணீர் ஏற்றினால்தான் மேலே தண்ணீர். வண்டியை ரைசர் வாயிலிலிருந்து 18 மீட்டருக்குள் நிறுத்த இடம் வேண்டும். ரைசர் வாயிலின் பெட்டியை உடைத்து வால்வைத் திருடிக்கொண்டு போயிருப்பது, மேலே ஒரு மாடியில் யாரோ வால்வைத் திறந்து விட்டிருப்பது, வாயிலுக்கு முன்னால் டெலிவரி வேன் நிற்பது, இவை மூன்றும் அடிக்கடி காணும் தவறுகள். தீப்பிடித்த மாடிக்கு இரண்டு மாடி கீழே வீரர்கள் முன்தளம் அமைத்து அங்கிருந்துதான் ஏறுவார்கள். அத்தனை கருவியையும் அங்கே சேர்க்க ஆள்பலம் வேண்டும். இதனால்தான் 2017இல் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்பு எரிந்த பிறகு மாடிக் கட்டடத் தீக்கு முதலிலேயே ஐந்து வண்டிகளும் ஓர் உயர ஏணி வண்டியும் அனுப்பும் முறை வந்தது. முதல் வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும் இரண்டாவது, மூன்றாவது வராமல் இந்த வேலை நடக்காது. நியூஹாமிலிருந்து மூன்று வழிகள் மட்டுமே உள்ள இடத்துக்கு ஐந்தும் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

2021 மே 7 அன்று பொப்லரின் நியூ பிராவிடன்ஸ் வார்ஃப் மாடிக் குடியிருப்பு எரிந்தபோது 20 வண்டிகளும் சுமார் 125 வீரர்களும் தேவைப்பட்டார்கள். 2024 ஆகஸ்டில் டேகன்ஹாமில் ஒரு மாடிக் கட்டடம் எரிந்தபோது சுமார் 40 வண்டிகள், 225 வீரர்கள். இரண்டும் கிழக்கு இலண்டன்தான். அப்படி ஒரு தீயில் பிளெய்ஸ்டோ, ஈஸ்ட் ஹாம் வண்டிகள் போய்விட்டால் சில்வர்டவுனுக்கு யார் வருவார்கள்?

2025 ஏப்ரல் 7இல் திறந்த சில்வர்டவுன் சுரங்கம் தீர்வு என்று சொல்லக்கூடும். கிரீனிச் பக்கத்திலிருந்து வண்டி வர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் 1.4 கிலோமீட்டர் சுரங்கம் தானே ஓர் ஆபத்து. உள்ளே லாரி எரிந்தால் இரு முனையிலிருந்தும் வீரர்கள் வர வேண்டும், அந்த நேரம் சுரங்கம் மூடியிருக்கும். அதன் வடமுனைக்கு அருகே நிலையம் இல்லை.

நிலையம் கட்டப் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 1990ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி கட்டட நிறுவனங்களிடமிருந்து பங்களிப்பு வாங்கலாம். பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் வாங்குகிறீர்கள். நிலையத்துக்கும் கேளுங்கள். தனிக் கட்டடம் கூட வேண்டாம், புதிய கட்டடத்தின் தரைத்தளம் போதும். ஆனால் சரியாகக் கட்ட வேண்டும். வண்டியின் உடல் அகலம் 2.5 மீட்டர், கண்ணாடிகளைச் சேர்த்தால் இன்னும் கூடும்; 3.6 மீட்டருக்குக் குறைந்த கதவு வைத்தால் அவசரத்தில் உரசும். குதிரைக் காலத்து நிலையங்கள் பலவற்றின் தொல்லை அதுதான். கட்டட விதிக் கையேடு தீயணைப்புப் பாதைக்குக் கேட்கும் தாங்குதிறன் பம்ப் வண்டிக்கு 12.5 டன், உயர ஏணி வண்டிக்கு 17 டன். இலண்டனின் 64 மீட்டர் ஏணி வண்டி அதைவிடக் கனம். தளத்தை அதற்கேற்பப் போடாவிட்டால் பிறகு மாற்ற முடியாது. எரிந்த வீட்டிலிருந்து வந்த உடுப்பு சமையலறைப் பக்கம் போகாதபடி அழுக்குப் பகுதியும் சுத்தப் பகுதியும் பிரிந்திருக்க வேண்டும். தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் 2022இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. டீசல் புகையை வண்டியின் வாலிலேயே உறிஞ்சும் குழாயும், ஏணிப் பயிற்சிக்கு முற்றமும் வேண்டும். முற்றத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கிடைக்கவே கிடைக்காது. பிளெய்ஸ்டோவை இந்த நகரம்தான் புதிதாகக் கட்டியது. செய்யத் தெரியாத வேலை இல்லை.

விற்ற நிலையங்களை மீட்பது எவ்வளவு கடினம் என்பதையும் நகரம் பார்த்துவிட்டது. 1915இல் கட்டிய பெல்சைஸ் நிலையம் இன்று குடியிருப்பு. 1889இல் கட்டிய மான்செஸ்டர் ஸ்கொயர் நிலையம் 2005இல் மூடி ஹோட்டலாகியது. 2025 பிப்ரவரி 14இல் அது எரிந்தபோது 20 வண்டிகள் போயின. பழைய கட்டடம் நிலைத்து நிற்பது நல்லதே. ஆனால் அந்த நிலம் இனித் தீயணைப்புக்குத் திரும்பாது. ஆகவே, இனி எந்த நிலைய நிலத்தையும் விற்கும் முன், அந்த வார்டில் அடுத்த 20 ஆண்டுகளில் வரவிருக்கும் வீடுகளின் கணக்கை வெளியிடுங்கள்.

மேயர் அவர்களே, 2022 முதல் உங்கள் அலுவலகமான சிட்டி ஹால் ராயல் விக்டோரியா கப்பல்துறையின் கரையில்தான் இருக்கிறது. தண்ணீருக்கு அப்பால் தெரியும் கட்டடங்களைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

ஆணையர் அவர்களிடம்: ராயல் டாக்ஸ் வார்டுகளுக்கு 2013 முதல் ஆண்டுதோறும் முதல் வண்டியும் இரண்டாவது வண்டியும் எடுத்த நேரத்தை, சராசரியாக அல்லாமல், 10 நிமிடத்தைத் தாண்டிய அழைப்புகளின் எண்ணிக்கையோடு வெளியிடுங்கள். கவுன்சில் உறுப்பினர்களிடம்: தென்கரையில் இனி அனுமதி கேட்டு வரும் முதல் பெரிய திட்டத்திலேயே நிலையத்துக்கான தரைத்தளத்தை நிபந்தனையாக வையுங்கள். மேயர் அவர்களிடம்: அடுத்த தீயணைப்புத் திட்டத்தில் சில்வர்டவுனின் பெயரை எழுதுங்கள்.

எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நியூஹாம் தமிழர் சிலர்