போர்டை மாற்றாதே, முதலில் கம்பியைப் பார்

டேய் எட்மன்டன்காரா,

மூன்று மாதமாக எழுதாதது என் தப்பு. இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்தாள்.

உன் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மக்கர் பண்ணும் சங்கதியே வாத்தியார் சொல்லித்தான் தெரியும். மைனஸ் 25-ல் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தள்ளியிருக்கிறாய், ஒரு போன் பண்ணக் கூடாதா? வந்த மெக்கானிக் மீட்டரைக்கூட எடுக்காமல், ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையை, அதாவது போர்டை, மாற்றச் சொன்னாராம். சரியென்று சொல்லிவிடாதே.

பர்னர் பற்றுகிறது, நாலைந்து நொடியில் அணைகிறது, சில தடவை முயன்றபின் நின்றுவிடுகிறது. அப்படித்தானே? அப்படியானால் தீ மூட்டும் இக்னைட்டர் வேலை செய்கிறது, கேஸ் வால்வும் திறக்கிறது. தீ எரிவதுதான் போர்டுக்குத் தெரியவில்லை.

அதைத் தெரிவிப்பது, பெரும்பாலும் இக்னைட்டருக்கு எதிர்க்கோடி பர்னரில், தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி. அது சூட்டை அளப்பதில்லை. பழைய ஃபர்னஸ்களில் எப்போதும் எரியும் பைலட் சுடரின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் வேறு. போர்டு இந்தக் கம்பிக்கு ஏசி மின்னழுத்தம் கொடுக்கிறது. தீயில் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், இருப்பதால் தீ மின்சாரம் கடத்தும். கம்பி சின்னது, எர்த் ஆன பர்னரின் பரப்போ பெரியது. அதனால் மின்னோட்டம் ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் கொஞ்சமாகவும் ஓடி, மிச்சமாகச் சில மைக்ரோ ஆம்பியர் டிசி நிற்கிறது. போர்டு தேடுவது அதைத்தான். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது என்ன தெரியுமா? கம்பி தகரத்தில் முட்டி ஷார்ட் ஆனாலும் போர்டு ஏமாறாது. ஷார்ட்டில் இரு திசையும் சமம், டிசி வராது. எரியாத கேஸ் வீட்டுக்குள் நிறையாமல் காப்பது இந்தத் துளி மின்னோட்டம்தான்.

கம்பியில் சிலிக்காவோ ஆக்சைடோ படிந்தால் அந்த மின்னோட்டம் குறைந்துவிடும். பார்க்கப் பளிச்சென்றே இருக்கலாம், நம்பாதே.

தெர்மோஸ்டாட், ஃபர்னஸ் ஸ்விட்ச், கேஸ் வால்வு மூன்றையும் மூடு. பெரும்பாலும் ஒரே ஒரு கால் அங்குல ஹெக்ஸ் ஸ்க்ரூதான். வயரைக் கழற்றிக் கம்பியை நேராக இழு. மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்து, சுத்தமான துணியால் துடை. உப்புத்தாள் வேண்டாம், கீறலில் படிவு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கம்பியைப் பிடித்திருக்கும் பீங்கானில் விரிசல் இருந்தால் புதுக் கம்பி போடு. இக்னைட்டரில் கை படவே கூடாது, லேசில் உடையும்.

பிறகு, மின்சாரம் அணைந்திருக்கும்போதே, மீட்டரை டிசி மைக்ரோ ஆம்பியரில் வைத்து வயருக்கும் கம்பிக்கும் நடுவே தொடராகக் கிளிப் போடு. அப்புறம் எரியவிட்டுப் பார். 2-க்கு மேல் அசையாமல் நின்றால் நிம்மதி. 1-ஐ ஒட்டி இருந்தால் பல போர்டுகள் தடுமாறும். தேய்த்தும் ஏறவில்லையா, பர்னர் எர்த்தில் துரு இருக்கிறதா, மின் இணைப்பில் லைனும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று பார். எல்லாம் சரியாக இருந்து, மீட்டரும் நல்ல அளவு காட்டி, அப்போதும் அணைந்தால்தான் போர்டைச் சந்தேகப்படு.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் ப்ளோயர் சுற்றத் தொடங்கியதும் தீ ஆடி அணைந்தால் விஷயம் வேறு. தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கலாம், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரக்கூடும். அணைத்துவிட்டு உரிமம் உள்ளவரைக் கூப்பிடு, திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணாதே. கேஸ் வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் குழந்தையோடு வெளியே வந்து, அங்கிருந்து போன் பண்ணு. படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? இன்றே பட்டனை அழுத்திப் பார்.

மீட்டர் எத்தனை காட்டியது என்று ராத்திரிக்குள் எழுது. எழுதாவிட்டால் வாத்தியாரையே அனுப்பிவைப்பேன்.