பொருளியல் பாடத்திட்டக் குழுவினருக்கு: ஃபாசெட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

பல்கலைக்கழகங்களில் பொருளியல் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஸ்மித், ரிக்கார்டோ, மில், மார்ஷல் என்று வரிசையாகப் படித்துத்தான் நாங்கள் தேர்வு எழுதினோம். மார்ஷலுக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் அதே பொருளியல் பேராசிரியர் பதவியில் 1863 முதல் 1884-இல் சாகும்வரை இருந்த ஹென்றி ஃபாசெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 25 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில், அப்பாவின் துப்பாக்கி ரவை பட்டு இரண்டு கண்ணும் போனது. அடுத்த ஐந்தே வருடத்தில் பேராசிரியர், 1865-இல் பிரைட்டன் எம்.பி.

புதுக் கோட்பாடு எதையும் அவர் தரவில்லை, மில்லின் வழியில் போனவர்தான், பெண்களின் வேலைநேரத்தைச் சட்டத்தால் குறைப்பதை அவர் எதிர்த்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் 1867-இல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது, லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அரசுத் துறையான இந்தியா அலுவலகம் நடத்திய நடன விருந்தின் செலவை இந்திய வருவாயில் எழுதினார்களே, அதை நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டவர் இவர். அந்த விருந்துக்கு வரி கட்டிய குடியானவனுக்கு அங்கே ஓட்டு கிடையாது. அப்புறம் இந்திய நிதியை ஆராய்ந்த நாடாளுமன்றத் தேர்வுக்குழுவில் உட்கார்ந்து அதிகாரிகளைக் குறுக்குக் கேள்வி கேட்டார். பிறர் படித்துக் காட்டிய அறிக்கைகளின் எண்களை மனதிலேயே வைத்துக்கொண்டு சபையில் நீண்ட நேரம் பேசுவார். 1874-இல் பிரைட்டனில் தோற்றபோது, அடுத்த தேர்தல் செலவுக்கு இந்தியாவில் பணம் திரட்டி அனுப்பினார்கள். 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்றே அவரைச் சொன்னார்கள்.

1880-இல் அஞ்சல்துறைத் தலைவரானதும் அவர் கொண்டுவந்த ஒரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பென்னி தபால்தலைகளை ஒவ்வொன்றாக ஒரு படிவத்தில் ஒட்டிக்கொண்டே வந்து, பன்னிரண்டு சேர்ந்ததும் அஞ்சலகத்தில் கொடுத்தால், அது ஒரு ஷில்லிங் சேமிப்பாகக் கணக்கில் ஏறும். கையில் சில்லறைக்கு மேல் எதுவும் தங்காதவர்கள்கூட அப்படிச் சேமிக்க முடிந்தது.

இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்து போகிறது என்ற தாதாபாய் நௌரோஜியின் செல்வ வடிகால் கோட்பாட்டை நடத்துகிறீர்கள், சரி. அதே தேர்வுக்குழுவில்தான் நௌரோஜியும் 1873-இல் சாட்சியம் சொன்னார். அந்தப் பாடத்திலேயே ஃபாசெட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பார்வையற்ற மாணவர்களும் இந்தத் தாளை எழுதுகிறார்கள், அவர்களுக்கு அந்தப் பக்கம் பிரெயிலிலும் ஒலிவடிவிலும் முதல் நாளே கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொருளியல் படித்த ஒருவன்