டார்ஜிலிங் உயிரியல் பூங்காவுக்கு அரை நாள் கொடுங்கள்: சுற்றுலா அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

சமையல்காரரையும் மளிகைச் சாமானையும் கூடவே ஏற்றிக்கொண்டு, தமிழ்நாட்டிலிருந்து கேங்டாக், டார்ஜிலிங் என்று ஆண்டுதோறும் ஆட்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பாடு தெரியாமல் எழுதவில்லை. ரயில் எத்தனை மணி நேரம் தாமதமானாலும் நியூ ஜல்பாய்குரியில் இறங்கியதும் சூடாகக் காப்பி கேட்பார்கள். முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரர், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர் எல்லோரையும் ஒரே வண்டியில் சமாளித்து ஊர் கொண்டுவந்து சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவை ஒரே நாளில் ஏழு இடம் சுற்றிக் காட்டும் அந்த ‘செவன் பாயிண்ட்’ பட்டியலிலிருந்து எடுத்து, அதற்கென்று தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.

இப்போது நடப்பது என்ன? விடியற்காலை மூன்றரைக்குக் கதவைத் தட்டி எழுப்பி டைகர் ஹில் கூட்டிப்போகிறீர்கள். கஞ்சன்ஜங்கா தெரிகிறதோ, மேகம் மூடிக்கொள்கிறதோ, அது அவரவர் அதிர்ஷ்டம். திரும்பும் வழியில் கூம் மடாலயம், பதாசியா லூப். அறைக்கு வந்து இட்லி. பிறகு ரோப்வே, தேயிலைத் தோட்டம், டென்சிங் பாறை என்று ஓட்டம். இதற்கு நடுவில் பூங்கா வாசலில் இறக்கிவிடும்போது உச்சி வேளை ஆகிவிடுகிறது. “ஒரு மணி நேரந்தான், சீக்கிரம் வந்துடுங்க” என்று குரல் வேறு. வாசலிலிருந்தே ஏற்றம். சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில், தூக்கம் கெட்ட உடம்போடு, மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தால் சிவப்புப் பாண்டா கிளையில் குப்புறப் படுத்து, நாலு காலையும் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது. “இதுக்கா இவ்வளவு தூரம்?” என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கேட்டவர் மேல் தப்பில்லை. அந்த நேரத்தில் அவருக்கே தூக்கம் சொக்கியது.

பாண்டா சோம்பேறி இல்லை. அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி மூங்கில் இலை. அதில் சத்து குறைவு, தின்றதில் கால்வாசிதான் உடம்பில் சேர்கிறது. ஆகவே சக்தியை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது. அது சுறுசுறுப்பாக இருப்பது அதிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும். பூங்கா திறக்கும் எட்டரை மணிக்கே உள்ளே போனால் அதைச் சாப்பாட்டு வேளையில் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. முன்காலில் மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு, கட்டைவிரல் மாதிரி நிற்கும். மூங்கில் தண்டை அதில் அணைத்துப் பிடித்து, தலையைச் சாய்த்து, இலைகளைக் கடைவாய்க்குக் கொடுத்து மெல்லும். மென்றுகொண்டே நம்மை ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான், மறுபடி இலை. அதை நின்று பார்த்த குழந்தை “இதுக்கா?” என்று கேட்காது.

ஆனால் நான் அரை நாள் கேட்பது இந்த வேடிக்கைக்காக மட்டும் இல்லை. அந்த மலைச்சரிவில் நடக்கும் வேலையில் பாதி, பார்வையாளர் கண்ணில் படாது. அதை யாராவது சொன்னால்தான் உண்டு. சொல்ல வேண்டியவர் மைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்.

1958-ல் தொடங்கிய பூங்கா இது. சரோஜினி நாயுடுவின் மகளும் மேற்கு வங்க ஆளுநராக இருந்தவருமான பத்மஜா நாயுடுவின் பெயர் 1975-ல் வந்தது. சமவெளிப் பூங்காக்களில் வைத்து வளர்க்க முடியாத குளிர்தேச விலங்குகள்தான் இதன் சொத்து. பனிச்சிறுத்தைகளை 1983 முதல் இங்கே இனப்பெருக்கம் செய்கிறார்கள். சிவப்புப் பாண்டாவுக்கான திட்டம் 1990-களில் வந்தது. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை வம்சாவளிப் பதிவேடு பார்த்து முடிவு செய்கிறார்கள். உலகப் பூங்காக்களில் உள்ள சிவப்புப் பாண்டாக்களுக்கான பதிவேடு நெதர்லாந்தின் ராட்டர்டாம் பூங்காவில் இருக்கிறது. சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து ரத்தம் நலியாமல் இருக்கத்தான் ஒரு பாண்டா கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. நம் வீடுகளில் ஜாதகம் பார்ப்பதைவிட இதில் கண்டிப்பு அதிகம்.

டார்ஜிலிங்கிலிருந்து சற்றுத் தள்ளி டோப்கேதாராவில் பூங்காவின் இன்னொரு மையம் இருக்கிறது. அங்கே பார்வையாளருக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாததுதான் அதன் சிறப்பு. காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்குக்கு மனிதர் பழகக் கூடாது.

காட்டுக்குத் திரும்புகிறதா என்று கேட்பீர்கள். திரும்புகிறது. 2003-ல் ஸ்வீட்டி, மினி என்று பூங்காவில் பிறந்த இரண்டு பெண் பாண்டாக்களைக் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி சிங்கலிலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். மினியை ஒரு வேட்டை விலங்கு கொன்றது. ஸ்வீட்டி காட்டு ஆணோடு சேர்ந்து, மரப்பொந்தில் குட்டி ஈன்றது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். மினியை விட்டுவிட்டு ஸ்வீட்டியை மட்டும் சொன்னால் விளம்பரமாகிவிடும். 2022-க்கும் 2024-க்கும் இடையில் இன்னும் ஒன்பது பாண்டாக்கள் அதே காட்டுக்குப் போயின. ஏழு பெண், இரண்டு ஆண். அந்த ஏழில் மூன்று, காட்டிலேயே ஐந்து குட்டிகள் போட்டன. ஐந்துதானா என்று நினைக்க வேண்டாம். அழியும் நிலையில் இருக்கும் இனத்தில், கூண்டில் பிறந்த தாய்களுக்குக் காட்டில் பிறந்த ஐந்து அது. இந்தத் திட்டம் 2024-ல் உலக உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் விருதுக்கு இறுதி மூன்றில் ஒன்றாகத் தேர்வானது. சிங்கலிலாவுக்குள் உங்கள் வண்டி போவதில்லை, போகவும் வேண்டாம். இந்தக் கதை மட்டும் வண்டிக்குள் வரட்டும். நியூ ஜல்பாய்குரியிலிருந்து மலையேறும் நேரம் முழுக்க சினிமாப் பாட்டுதானே ஓடுகிறது.

கூண்டில் அடைப்பதே பாவம், அதைப் போய்ப் பார்க்க அரை நாளா என்று குழுவில் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி, மழுப்ப வேண்டாம். பனிச்சிறுத்தை ஒன்று அடைப்புக்குள் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு கனத்தது. இந்தியா முழுக்கக் காட்டில் இருப்பவை 718 என்று 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பு சொன்னது. அவற்றுக்கு ஏதாவது ஆனால் மிச்சம் என்று சொல்ல ஒரு கையிருப்பு வேண்டாமா என்பதே இந்தப் பூங்காவின் பதில். எனக்கு அந்தப் பதில் பாதி ஏற்புடையது. வெறும் வேடிக்கைக்காகக் கொண்டுவந்த விலங்குகளுக்கு அதே சமாதானத்தைச் சொல்ல மாட்டேன். 1960-ல் சோவியத் தலைவர் குருஷேவ் அன்பளிப்பாக அனுப்பிய சைபீரியப் புலிகளுக்கு டார்ஜிலிங்கில் என்ன வேலை? வாதாடட்டும். வண்டியில் வாதம் நடந்தால் நல்லதுதான்.

தமிழர்களுக்கென்றே அங்கே ஒரு விலங்கு காத்திருக்கிறது, இமாலய வரையாடு. பார்த்ததும் “அட, நம்ம வால்பாறை வரையாடு” என்பார்கள். பார்வைக்கு அப்படித்தான். வெகுகாலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-ல் மரபணு ஆராய்ச்சி வந்த பிறகுதான், நம் மாநில விலங்கான நீலகிரி வரையாடு செம்மறி இனத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்து தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். செங்குத்துப் பாறையில் பிழைக்கிற வாழ்க்கை இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது. இதைச் சொல்ல வழிகாட்டிக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசில் அடிப்பது, கையைத் தட்டி எழுப்புவது, முறுக்கை நீட்டுவது எல்லாம் நம் ஆட்களும் செய்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவுப்படி இது குற்றம். வாசல் காவலர் சொல்லிக் கேட்காதவர்கள்கூட, மூன்று வேளை சோறு போடுகிற உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. டைகர் ஹில்லை ஒரு நாளும் பூங்காவை மறுநாளும் வையுங்கள். வியாழக்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, அன்று வேண்டாம். எட்டரைக்கு வாசலில் நின்றால், முதலில் பாண்டா, பிறகு பனிச்சிறுத்தை, வெயில் ஏறியதும் அதே நுழைவுச்சீட்டில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையமும் அருங்காட்சியகமும். எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இருவரில் ஒருவரான டென்சிங் நார்கே பயிற்சி இயக்குநராக இருந்த இடம் அது, அவர் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. ஏற முடியாத பெரியவர்களை அவசரப்படுத்தாமல் நடுநடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போகவும் நேரம் இருக்கும்.

உள்ளூர் வண்டிக்காரர்கள் ‘பாயிண்ட்’ கணக்கில்தான் வாடகை பேசுகிறார்கள், பிரித்தால் செலவு கூடும் என்பீர்கள். கூடட்டும். தலைக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பயணிகளிடமே கேளுங்கள். ஏழில் இரண்டு இடத்தைக் கழித்துவிட்டுச் செலவைச் சரிக்கட்டலாமா என்றும் கேளுங்கள். எந்த இரண்டு என்று என்னைக் கேட்டால் ரோப்வே வரிசையை முதலில் சொல்வேன். அடுத்த கோடைக்கான பயணத் திட்டம் அச்சுக்குப் போகும் முன் உங்கள் பதில் தெரிந்தால், யாரோடு முன்பதிவு செய்வது என்று நாங்கள் நாலு குடும்பம் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் பின் இருக்கையில் வந்த பயணி ஒருத்தி