அந்த அம்மாவை ஏன் நம்பவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈவ்லின் பைப்பர் என்ற புனைபெயரில் மெரியம் மோடெல் 1957-இல் எழுதிய நாவல் அது. இவ்வளவு பழைய த்ரில்லரைத் தேடிப் பிடித்து எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையாளர் சொல்லும் ஒரு குறையை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தையைத் தொலைத்துவிட்டு நிற்கும் தாயிடம், உனக்குக் குழந்தை இருந்ததா என்றே போலீஸ் சந்தேகப்படுவது நம்பும்படியாக இல்லை என்கிறார். கதையின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நியூயார்க்கில் வாழும் பிளான்ச் லேக் கல்யாணமாகாத இளம்பெண். மூன்று வயது மகள் பன்னியை முதல் நாள் நர்சரியில் விட்டுவிட்டுப் போனவள், திரும்ப அழைத்துப்போக வருகிறாள். குழந்தை இல்லை. அப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததாகக்கூட அங்கே யாரும் சொல்லவில்லை. இதில் நாவலாசிரியை செய்திருக்கும் வேலை என்னவென்றால், குழந்தையை நம் கண்ணிலும் காட்டாமல் வைத்திருப்பது. அம்மாவின் வாய்ச்சொல்லைத் தவிர நம் கையிலும் வேறு சாட்சி கிடையாது. பக்கங்கள் புரளப் புரள, நாமே போலீஸ் பக்கம் சாய ஆரம்பித்துவிடுகிறோம். ஓட்டோ பிரெமிங்கர் 1965-இல் இதைப் படமாக்கியபோது கதையை லண்டனுக்கு மாற்றினார், அம்மாவுக்குத் துணையாக ஒரு அண்ணனைச் சேர்த்தார், விசாரணை அதிகாரியாக லாரன்ஸ் ஒலிவியேவைப் போட்டார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அந்தப் படத்தில் ரிப்பேருக்குக் கொடுத்த பொம்மையின் சீட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ராத்திரியில் அந்தக் கடையைத் தேடி ஓடுவாள் அம்மா. தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நிரூபிக்க அவளிடம் மிஞ்சியது அவ்வளவுதான்.

சரி, நிஜத்தில் இப்படி நடக்குமா? நடந்திருக்கிறது, அதுவும் நாவல் வருவதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருடம் முன்பே. லாஸ் ஏஞ்சலஸில் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கிறிஸ்டின் காலின்ஸின் ஒன்பது வயது மகன் வால்டர், 1928 மார்ச்சில் காணாமல் போனான். சில மாதங்கள் கழித்து, இல்லினாய் மாநிலத்தில் ஒரு பையன் கிடைத்ததாகச் சொல்லி போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியது. இவன் என் பையன் இல்லை என்றார் அவர். கொஞ்ச நாள் வீட்டில் வைத்துத்தான் பாருங்களேன் என்று சொல்லி அனுப்பினார் போலீஸ் கேப்டன் ஜோன்ஸ். துணி எடுத்துக் காட்டும் கடைக்காரர்கூட இவ்வளவு சாதாரணமாகச் சொல்லமாட்டார்! மூன்று வாரம் கழித்து, வால்டரின் பல் மருத்துவப் பதிவுகளைச் சான்றாக எடுத்துக்கொண்டு கிறிஸ்டின் திரும்பி வந்தபோது, ஜோன்ஸ் அவரை மனநோய் வார்டுக்கு அனுப்பிவிட்டார். கடைசியில் அந்தப் பையனே உண்மையைச் சொன்னான்: அயோவாவிலிருந்து வீட்டை விட்டு ஓடிவந்தவன், வயது பன்னிரண்டு, ஹாலிவுட்டுக்கு வந்து கௌபாய் நடிகர் டாம் மிக்ஸைப் பார்க்க ஆசை. அதன் பிறகுதான் கிறிஸ்டினை வெளியே விட்டார்கள். ஜோன்ஸ் 10,800 டாலர் நஷ்டஈடு தரவேண்டும் என்று பிற்பாடு தீர்ப்பானது. அவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. வால்டர் திரும்பி வரவே இல்லை.

அது பழைய காலம் என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். 1980 ஆகஸ்ட் 17 இரவு, உளுரு பாறைக்கு அருகே முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லினின் இரண்டு மாதக் குழந்தை அஸாரியாவைக் கூடாரத்திலிருந்து டிங்கோ என்கிற காட்டுநாய் தூக்கிக்கொண்டு போனது. முதல் விசாரணையில் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு எல்லாம் திரும்பியது. டிவியில் அவர் அழவில்லையாம். பெற்ற தாய் இப்படியா நிதானமாகப் பேசுவாள் என்று ஊரே கேட்டது. 1982-இல் ஆயுள் தண்டனை. நிறைமாத கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். காரில் குழந்தையின் ரத்தம் இருந்தது என்று நிபுணர்கள் சொன்னதில் ஒரு பகுதி, சத்தம் வராமலிருக்க வண்டிக்குள் அடிக்கும் ஒரு பூச்சு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. குழந்தை போட்டிருந்ததாக அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த ஸ்வெட்டர், 1986-இல் டிங்கோக்கள் நடமாடும் இடத்தருகே கிடைத்தது. உடனே விடுதலை செய்தார்கள். 1988-இல் தண்டனை ரத்தானது. குழந்தையின் மரணத்துக்குக் காரணம் டிங்கோதான் என்று அதிகாரபூர்வமாக எழுதிக்கொடுக்க 2012 வரை ஆனது.

இந்த இரண்டு பெண்களும் சொன்னதில் முன்னுக்குப் பின் முரண் இல்லை. அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் பார்த்தவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் அதிகாரியை எதிர்த்துப் பேசினார், இன்னொருவர் கேமரா முன்னால் அழவில்லை. பிளான்ச் லேக்கின் கதையும் அதேதான். தாலி இல்லாமல் பிள்ளை பெற்றவள் சொல்வதை எதற்கு நம்பவேண்டும் என்ற நினைப்பு, 1957-இன் நியூயார்க்கில் அவளைச் சுற்றி எல்லோரிடமும் இருக்கிறது. அவளுடைய மனநிலையை அலசக் கட்டுரையாளர் ஒரு பத்தி முழுக்கச் செலவழித்திருக்கிறார். எதிரே உட்கார்ந்து கேட்டவர்களின் மனநிலைக்கு ஒரு வரிகூட இல்லை. சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்ற பெயர் இந்த நாவலுக்குப் பொருந்துவது அவர்களால்தான் என்பது என் கட்சி.

நம் நாட்டில்கூட, பிள்ளையைக் காணோம் என்று பெற்றவர்கள் வந்து சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே தேடவேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தனியாக உத்தரவிட வேண்டியிருந்ததே. நம்பும்படியாக இல்லை என்று எழுதுவதற்கு முன் கட்டுரையாளர் இதையும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அப்புறம் ஒரு சின்ன வருத்தம். படம் ஓட ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் யாரையும் விடமாட்டோம் என்று விளம்பரம் செய்த படம் பிரெமிங்கருடையது. உங்கள் கட்டுரையாளரோ படத்தின் குற்றவாளி யார் என்பதை இரண்டாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டார். நல்ல வேளை, நாவலில் குற்றவாளி வேறு ஆள். அது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி