செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தக்கலை வட்டாரத்தில் நமது மூத்த குடிமக்கள் சங்கத்தின் வழக்கமான பணிகள் இவ்வாண்டும் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மோசடித் தடுப்புப் பணியை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம்மில் பலருடைய பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். வீட்டில் வயதானவர்களும் ஒரு போனும்தான் துணை. பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம் என்று காக்கிச் சட்டையோடு வீடியோ அழைப்பில் மிரட்டுகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. நவம்பர் வந்தால் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழின் பெயரைச் சொல்லி ஓ.டி.பி. கேட்கிறார்கள்.

இதையெல்லாம் நோட்டீஸாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். பிறகு மாதக் கூட்டத்தில் ஒத்திகை வைத்தோம். உறுப்பினர் ஒருவர் பக்கத்து அறையிலிருந்து மும்பை போலீஸாகப் பேசினார். அந்த நோட்டீஸைப் பிழை திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியையே ஆதார் எண்ணைச் சொல்லத் தொடங்கிவிட்டார்! கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் அவர் சொன்னார்: "அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பது மரியாதையா?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நமக்குத் தகவல் குறைவில்லை, மரியாதைதான் அதிகம். எனவே, "மகனிடம் கேட்டுவிட்டுப் பேசுகிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட வேண்டும் என ஒவ்வொருவரையும் உரக்கச் சொல்ல வைத்துப் பழக்கினோம். மகனே விபத்தில் சிக்கியதாக அழைப்பு வந்தாலும் இதே விதிதான்: வைத்துவிட்டு, அவருடைய பழைய எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். ஒத்திகை மாதங்களில் வருகை கூடியது. ரசவடைக்கும் அதில் பங்குண்டு என்று பொருளாளர் கருதுகிறார்.

ஏமாந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. பிள்ளைகள் திட்டுவார்கள், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். பணம் போனவுடன் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குச் சொன்னால், அது கைமாறுவதற்கு முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக் கழிக்கும் நேரம் திருடனுக்கே லாபம். ஆகவே, பெற்றோரைத் திட்டாதீர்கள் என்று பிள்ளைகளுக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினோம். பதில் அனுப்பியவர்கள் சிலரே.

நகைக்கு பாலீஷ் போடுவதாக வருபவர்களைப் பற்றியும் வெளியூர் செல்லும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்வது பற்றியும் கூட்டங்களில் பேசப்பட்டது.

1930, முதியோர் உதவி எண் 14567, அவசர எண் 112 ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டைகள் பொருளாளரின் மேசையில் உள்ளன. கூட்டத்துக்கு வர இயலாத அயல்வீட்டாருக்கும் சேர்த்து வாங்கிச் செல்லுங்கள். சுவரில் ஒட்டித் தர ஆளில்லாத வீடுகளுக்குச் செயற்குழுவினர் வருவார்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்